சீரியல் பேச்சைக் கேலி செய்யும் கனவான்களுக்கு!

“இந்த ஜனங்களை எப்படி ஐயா திருத்துவது? பகலெல்லாம் பாடு, பொழுது சாய்ந்தால் சீரியல், மறுநாள் விடிந்தால் அந்தச் சீரியலைப் பற்றியே பேச்சு. அவள் ஏன் அப்படிச் செய்தாள், இவன் ஏன் இப்படிப் பேசினான் என்று வாய் ஓயாமல் வழக்கு. நாட்டில் நடக்கிற எதைப் பற்றியாவது இப்படிப் பேசுகிறார்களா?”

படித்த கனவான் ஒருவர் நம்மிடம் இப்படி அங்கலாய்த்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதரல்ல. தொழிலாளிக்குக் கூலி உயர வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்தான். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளி எதைப் பேசிச் சிரிக்க வேண்டும், எதைப் பேசிச் சண்டை போட வேண்டும் என்பதையும் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறார். இந்த வியாதி அவரோடு நிற்கவில்லை. நம்முடைய தோழர்களில் சிலரையும் பிடித்திருக்கிறது. ஆகவே ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்லிவிட நாம் விரும்புகிறோம்.

நாம் சொல்வது இதுதான்: அந்தப் பேச்சில் கேலிக்குரியது ஒன்றுமில்லை. டி.வி. பெட்டிக்குள் ஓடுகிற கதையைவிட, அதைப் பார்த்துவிட்டு மில் வேனிலும் வயல் வரப்பிலும் நம் பெண்கள் பேசுகிற பேச்சு மிக உயர்ந்தது. கதை மறைக்கிற கணக்கை அந்தப் பேச்சு கேட்கிறது. அதைக் காது கொடுத்துக் கேளாதவர்களே கேலி செய்கிறார்கள்.

வேனில் நடந்த விசாரணை

2023-ஆம் ஆண்டில் ஒரு நாள். தென்மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்குக் காலை ஷிப்டுப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன். சன் டி.வி.யில் இரவு 9.30 மணிக்கு “எதிர்நீச்சல்” தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம். 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த தொடர் அது. பின்னர் 2024 டிசம்பரில் “எதிர்நீச்சல் தொடர்கிறது” என்று மறுபடியும் கிளம்பிற்று.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். மதுரைச் சீமையில் ஒரு பெரிய வீடு. மூத்தவன் ஆதி குணசேகரன் வைத்ததே சட்டம். ஞானம், கதிர், சக்தி என்று மூன்று தம்பிகள். நாலு பேருக்கும் படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டுவந்து, படிப்பை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லி, அடுப்படியில் நிறுத்திவிட்டார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்பவர்கள் அந்த நால்வர். வீட்டின் மூத்த கிழவி அப்பத்தா பட்டம்மாள். சொத்தில் 40 சதவீதப் பங்கு அவள் பெயரில். அந்த நாற்பதுக்காகத்தான் வீட்டில் பாதிச் சண்டை. குணசேகரனுக்கு ஆதிரை என்று ஒரு தங்கை. அவள் அருண் என்பவனை விரும்பினாள். அவளைக் கரிகாலன் என்பவனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்த மறுநாள் காலை வேனுக்குள் ஒரே அமளி.

“ஏன் மதினி, அவ ஏன் முன்னமே ஓடிப் போகல? அவனத்தான் புடிச்சிருக்குல்ல?” என்று கேட்டாள் ஒரு இளம் பெண்.

“அண்ணன் மேல பாசம். அவன் தூக்கி வளத்த புள்ளைல்ல.”

“பாசம் என்ன பாசம். பயம்டி அது.”

பின் சீட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அதுவரை பேசவில்லை. இருபது வருடமாக ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருப்பவர். அவர் சொன்னார்: “ஓடுறதுக்குப் பஸ்ஸுக்குக் காசு வேணும்ல தாயி. அந்த வீட்டுப் பொம்பளைக கையில நூறு ரூபா இருந்து நீ பாத்திருக்கியா?”

“டவுன் பஸ்ஸுதான் நமக்கு எலவசமாச்சே யக்கா!” என்றது ஒரு குரல். வேன் முழுவதும் சிரிப்பு.

“டவுன் பஸ்ஸுல எம்புட்டுத் தூரம் ஓடுவ? அடுத்த ஊரு வரைக்கும். அங்க அவன் தம்பி காரைப் போட்டுக்கிட்டு நிப்பான்.”

முதலில் கேள்வி கேட்ட பெண் சிரிக்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான் மூணு வருசம் சம்பாதிச்சேன். அந்தக் காச நானும் கண்ணால பாக்கலையே” என்றாள்.

அவள் அதற்கு முன் வேறொரு மில்லின் விடுதியில் இருந்தவள். கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் “சுமங்கலித் திட்டம்” என்ற மங்களகரமான பெயரில் நடந்த ஏற்பாட்டை நம் வாசகர்கள் அறிவார்கள். பதின்வயதுப் பெண்ணைக் கிராமத்திலிருந்து அழைத்துவந்து விடுதியில் வைத்து, மூன்று ஆண்டு வேலை வாங்கிக்கொண்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுப்பதாகச் சொன்ன ஏற்பாடு. இடையில் நோய் நொடி என்று நின்றுவிட்டால் அந்தத் தொகை போனது போனதுதான் என்று எத்தனையோ பெண்கள் அழுதார்கள். இவள் மூன்று ஆண்டும் முடித்தவள். பணம் வந்தது, அப்பன் கையில் வந்தது, நகையாயிற்று, நகை இன்னொருவன் வீட்டுக்குப் போயிற்று. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவளைக் கேட்டல்ல.

ஆதிரையை ஏன் ஓடவில்லை என்று அவள் கேட்ட கேள்வி யாரைப் பற்றிய கேள்வி என்று இப்போது விளங்குகிறதா கனவான்களே? தன் கதையைத் தானே எடுத்துப் பேச நா எழாத பெண், ஆதிரையின் கதையை வைத்து அதைப் பேசிவிட்டாள். கேட்டவர்களுக்கும் புரிந்துவிட்டது. மில் வாசல் வரும்வரை யாரும் பேசவில்லை.

பட்டிமன்றத்தில் பேசினால் பொன்னாடை!

பாத்திரங்களின் மனதை ஆராய்வது வீண் வேலை என்று சொல்லும் பெரியோர்களை ஒன்று கேட்கிறோம். காரைக்குடியில் 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்று முதல் ஊருக்கு ஊர் கம்பன் விழாக்கள். விழா தோறும் பட்டிமன்றங்கள். அங்கே என்ன பேசுகிறார்கள்? கைகேயியின் மனம் திரிந்தது கூனியின் போதனையாலா, அல்லது அவள் உள்ளத்திலேயே அந்த விதை இருந்ததா? வாலியை மறைந்து நின்று கொன்றது தகுமா? கும்பகர்ணன் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தது பெரிதா, வீடணன் அறத்தின் பக்கம் போனது பெரிதா? இதெல்லாம் என்ன? ஒருவன் ஏன் அப்படிச் செய்தான், ஒருத்தி ஏன் இப்படிப் பேசினாள் என்ற அதே விசாரணைதானே!

அங்கே பேசினால் புலமை. மாலை உண்டு, பொன்னாடை உண்டு, முன் வரிசையில் நாற்காலி உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே டி.வி. பெட்டி பட்டிமன்றத்தை ஒளிபரப்புகிறது. கனவான்கள் குடும்பத்தோடு பார்த்துக் கை தட்டுகிறார்கள். நாம் பட்டிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. நம்மில் பலர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் விடிய விடியக் கேட்டவர்கள்தாம். ஆனால் கைகேயியின் மனதை அலசினால் அறிவு, நந்தினியின் மனதை அலசினால் வம்பா? ராஜா வீட்டு மாற்றாந்தாய்க்கு ஒரு நியாயம், அடுப்படி மருமகளுக்கு ஒரு நியாயமா? அல்லது, பேசுகிறவள் தலையில் பஞ்சுத் தூசி படிந்திருப்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறதா?

பேச்சு ஒன்றே. பேசுகிற ஆள் மாறியதும் பெயர் மாறிவிடுகிறது.

பழைய கூத்துக்களை நினைத்துப் பாருங்கள். தஞ்சைப் பக்கம் மிராசுதார் நெல் கொடுப்பார். அரிச்சந்திரன் கூத்து நடக்கும். மயான காண்டம் வரும்போது ஊரே அழும். அரசனாக இருந்தவன் வீரபாகுவிடம் அடிமையாகிச் சுடுகாடு காக்கிறானே என்று மிராசுதார் வீட்டு அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். விடிந்து வயலுக்குப் போகும்போது பண்ணையாட்கள் வேறு விதமாகப் பேசிக்கொள்வார்களாம். நம்மிடம் ஒரு பெரியவர் சொல்வார்: “ராசா நாலு நாள் சுடுகாட்டுல நின்னதுக்கு இம்புட்டு அழுகை. நம்ம வெட்டியான் பரம்பரை பரம்பரையா நிக்கிறானே, அவனுக்கு எந்தக் கூத்துல எவன் அழுதான்?” கூத்துக்குக் காசு கொடுத்தவர் மிராசுதார். ஆனால் இந்தக் கேள்வி அவர் காசில் வந்ததல்ல. கூத்து கற்றுக்கொடுத்ததும் அல்ல. பார்த்தவர்கள் தங்கள் பிழைப்பிலிருந்து எடுத்துப் போட்டது.

கதை எது, வாழ்வு எது என்று தெரியாதாம்!

இன்னொரு குற்றச்சாட்டு. “இந்த ஜனங்களுக்கு நடிப்பும் நிஜமும் பேதம் தெரியாது, வில்லன் நடிகரைத் தெருவில் கண்டால் மண்ணை வாரித் தூற்றுவார்கள்” என்கிறார்கள்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதியை இவர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து அன்று காலை அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி கண்டு இறந்துபோனார். தேனி ஜில்லா வருசநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டணம் போய், பல காலம் உதவி இயக்குநராக உழைத்து, படம் இயக்கி, பிற்பாடு நடிகராகப் பேர் எடுத்த மனிதர். முந்திய இரவுவரை குணசேகரனைக் “கட்டையில போக” என்று திட்டிக்கொண்டிருந்த பெண்கள் அன்று என்ன செய்தார்கள்? அழுதார்கள். “பாவம், வேலை பாத்துக்கிட்டே போயிட்டாரே” என்றார்கள். மாலை ஷிப்டு முடிந்து வந்த ஒருத்தி, “எந்த மனுசனுக்கும் மிஷினு முன்னாடி நின்னு சாவு வரக்கூடாது” என்று சொன்னதை நம் காதால் கேட்டோம். டப்பிங் கூடத்து மைக்கும் தன் ஸ்பின்னிங் மிஷினும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பாத்திரம் வேறு, பாடுபட்ட மனிதர் வேறு என்று இதைவிடத் தெளிவாக யார் பிரித்துக் காட்ட முடியும்? குணசேகரனை வெறுத்தார்கள்; மாரிமுத்துவுக்காகக் கலங்கினார்கள். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்ததும், “இவர் கோபம் வேற மாதிரி, அவருது உள்ளுக்குள்ள கருவுற கோபம்” என்று நடிப்பையே நிறுத்துப் பார்த்தார்கள்.

அவர்கள் மனதும் ஒரே இடத்தில் கல்லாக நிற்பதில்லை. “மெட்டி ஒலி” தொடர் 2002 முதல் 2005 வரை வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் ஒருவரின் கதை. 2020-ல் ஊரடங்கால் படப்பிடிப்பு நின்றபோது அதையே மறுபடி போட்டார்கள். முதல் முறை பார்த்தபோது பெரும்பாலோர் மருமகள்கள். இரண்டாம் முறை மாமியார்களாகிவிட்டார்கள். “அப்ப அந்த மாமியாக்காரிய நான் எம்புட்டுத் திட்டினேன்! இப்பப் பாத்தா அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கு” என்று ஒரு அம்மாள் சொன்னார். தான் சொன்ன தீர்ப்பைப் பதினைந்து வருடம் கழித்துத் தானே மறுபரிசீலனை செய்யும் நியாயாதிபதிகள் நாட்டில் எத்தனை பேர்?

பேராசிரியர்களைத்தான் நம்புவோம் என்பவர்களுக்காக ஒரு தகவல். ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார ஆசிரியர்கள், தமிழ்நாடு உட்பட இந்தியாவில் ஐந்து பகுதிகளில் 2001 முதல் 2003 வரை திரட்டிய விவரங்களை வைத்து ஒரு ஆராய்ச்சியை 2009-ல் வெளியிட்டார்கள். கேபிள் டி.வி. வந்த கிராமங்களில், புருஷன் பெண்டாட்டியை அடிக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் குறைந்தது என்று அதில் கண்டிருக்கிறது. பெட்டியில் கண்ட காட்சிதான் இதைச் செய்ததா, கண்டபின் கிணற்றடியில் நடந்த பேச்சு செய்ததா என்று அந்தக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், கிணற்றடிக்கே பெரும் பங்கு என்போம்.

வியாழக்கிழமையின் மகிமை

இவ்வளவு சொன்னதால் சீரியல் வியாபாரிகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். அவர்கள் விற்பது என்ன சரக்கு என்பது நமக்குத் தெரியும். பாலில் விஷம், பிரசவத்தில் பிள்ளை மாற்றம், செய்வினை, ஒட்டுக்கேட்டல், செத்தவன் திரும்பி வருதல். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று ஆயிரம் எபிசோடு பாடம். படுக்கையிலிருந்து எழும்போதும் பட்டுப் புடவை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பாத்திரத்தின் மனது ஏன் மாறுகிறது என்று நம் பெண்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்களே, பல தொடர்களில் அதன் காரணம் கதைக்குள் இருப்பதே இல்லை. நேற்றுவரை தைரியசாலியாக இருந்தவள் இன்று திடீரென்று அழுமூஞ்சியாவது ஏன்? ஒழிந்தான் என்று நினைத்த வில்லன் திரும்ப வருவது ஏன்?

பார்க் என்ற நிறுவனம் 2015 முதல் நாடெங்கும் வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதை வியாழக்கிழமை தோறும் வெளியிட்டு வந்தது. அதற்குத்தான் டி.ஆர்.பி. என்று பேர். டி.வி. உள்ள வீடுகள் ஏறத்தாழ 20 கோடி. மீட்டர் இருந்தது 2020-ல் சுமார் 44,000 வீடுகளில். அதாவது நாலாயிரத்து ஐந்நூறு வீட்டுக்கு ஒரு வீடு. எந்த வீடு என்பது ரகசியம். அந்த எண்ணை வைத்துத்தான் சோப்புக் கம்பெனியும் நகைக் கடையும் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கின்றன. எண் இறங்கினால் கதையாசிரியனுக்கு நெருக்கடி, கதாநாயகிக்குக் கஷ்டம்! ஒருத்தி ஏன் மனம் மாறினாள் என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. வியாழக்கிழமையைக் கேட்க வேண்டும்.

வாரம் ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் அதை எடுக்கிறவர்களுக்கு நாள் ஏது, இரவு ஏது? லைட் தூக்குகிறவர், மேக்கப் போடுகிறவர், அன்றன்றைக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறவர் எல்லோரும் பீஸ் ரேட்டுக் கூலிகளைப் போலத்தான். நம் சண்டை அவர்களோடு அல்ல.

நமது பெண்கள் இதையும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். “இது அவ குணமில்ல, இழுக்கிறானுக” என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுகிறார்கள். பாத்திரத்தின் குணம் எது, கம்பெனியின் லாபம் எது என்று பிரித்துப் பார்க்கும் கண் அது.

வாசற்படியைத் தாண்டினால் விடுதலையா?

இப்போது நாம் சொல்ல விரும்பும் முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். கீழத்தஞ்சையில் ஒரு நடவு வயல். அதே தொடரைப் பற்றித்தான் பேச்சு. அந்த வீட்டு மருமகள்கள் ஒவ்வொருத்தியாக வாசற்படியைத் தாண்டத் தொடங்கிய கட்டம். நந்தினி சமையல் ஆர்டர் பிடிக்கிறாள். ரேணுகா நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். ஈஸ்வரி கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறாள். பத்திரிகைகள் இதைப் பெண் விடுதலை என்று புகழ்ந்தன. நமக்கும் சந்தோஷம்தான், விஷம் வைக்கும் கதைகளுக்கு நடுவே இது எவ்வளவோ மேல்.

இளம் பெண்கள் நந்தினியைக் கொண்டாடினார்கள். “இனிமே கதிரு வாயைத் திறக்க முடியாது. அவ கையில காசு வந்துடிச்சுல்ல” என்றாள் ஒருத்தி.

நாற்று முடியைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி நிமிர்ந்தாள். “அடி போடி இவளே. நான் வாசப்படி தாண்டி அம்பது வருசமாவுது. ஒம்போது வயசுல மாட்டுக்கொட்டாய் கூட்டப் போனேன். வாங்குன கூலிய எல்லாம் இந்தக் கையாலதான் வாங்குனேன். வீட்டுக்கு வந்தா ராத்திரி அந்தக் கையிலேருந்து புடுங்கிக்கிட்டு அதே கையை முறுக்குவாரு உங்க தாத்தா. காசு வந்தா வாய் தொறக்குமாம்!”

“அப்ப நந்தினி வேலைக்குப் போவக் கூடாதுங்கிறியா ஆயா?”

“போவட்டும். போவக் கூடாதுன்னு நான் எங்கடி சொன்னேன்? வாங்குற காசு யார்கிட்ட இருக்கும்னு முதல்ல கேளு. ராத்திரி வந்து சோறு யாரு ஆக்குறான்னு கேளு. அதக் காட்டுனானா அவன்?”

தோழர்களே, விடுதலை பற்றி நாம் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறோம்! இந்தக் கிழவி நாலு வாக்கியத்தில் கேட்டதை நம் பிரசங்கங்கள் கேட்டனவா? வீட்டுக்குள் பூட்டப்பட்ட பணக்கார வீட்டு மருமகளுக்கு வெளியே போவது விடுதலை. நியாயம். பிறந்த நாள் முதல் வெளியே கிடந்து உழைக்கிறவளுக்கு? அவளுக்கு இன்னொரு கதை வேண்டியிருக்கிறது. அதை எந்த டி.வி.யும் அவளுக்குச் சொல்லவில்லை. அதனால் நந்தினியின் கதையில் இல்லாத காட்சியை அவளே கேட்டு வாங்கப் பார்க்கிறாள்: சம்பளக் கவர் யார் கையில்? ராத்திரி உலை வைப்பது யார்?

அப்பத்தாவின் நாற்பது சதவீதத்தைப் பற்றியும் அன்று ஒரு கேள்வி விழுந்தது. அந்தப் பங்கு ஜனனிக்குப் போகவேண்டும் என்று சிலர், நாலு பேருக்கும் சமமாக என்று சிலர். “நாப்பது அப்பத்தாவுக்கு, மிச்சம் அறுவது அண்ணன் தம்பிக்கு. அப்ப அங்க வேலை பாத்தவனுக்கு எத்தினி?” என்று வரப்போரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய தொடரில் நாட்டையே பேச வைத்த அந்தச் சொத்துத் தகராறில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, நாற்றுக்கும் சேற்றுக்கும் நடுவில் எழுந்தது.

எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜீவானந்தம் என்று ஒரு பாத்திரம் வந்தது. (பெயரைக் கேட்டதும் 1963-ல் நம்மை விட்டுப் பிரிந்த தோழர் ஜீவாவை நம் வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள்.) இளமையில் ஈஸ்வரியை மணக்க விரும்பியவன் அவன் என்று கதை போயிற்று. குணசேகரனை உதறிவிட்டு ஈஸ்வரி அவனோடு போக வேண்டுமா கூடாதா? வேன் இரண்டாகப் பிளந்தது. தாலிக்கு மரியாதை வேண்டும் என்று ஒரு கட்சி. அடிக்கிறவனுக்கு எதற்கு மரியாதை என்று ஒரு கட்சி. பிள்ளைகள் கதி என்ன என்று மூன்றாவது. புருஷனை இழந்த ஒருத்தி, “போறாளோ இருக்காளோ, மொதல்ல அவ யோசிச்சுச் சொல்லட்டும். அவளுக்கு முன்னாடி ஊரே யோசிக்குது” என்றாள். அவளை ஏற்கெனவே அப்படி ஊர் யோசித்திருக்க வேண்டும். சாதி, மானம், தாலி எல்லாம் அந்த வேனிலும் உட்கார்ந்து வருகின்றன. அவற்றின் பக்கம் பேசவும் ஆள் உண்டு. அதனால்தான் அந்தப் பேச்சு நடந்தாக வேண்டும் என்கிறோம். வாய் மூடிக்கொண்டு போகிற வேனில் எந்த மூடநம்பிக்கையும் தோற்றதில்லை.

நம் பக்கத்துக் குற்றம்

கனவான்களுக்குச் சொன்னது போதும். இனி நம்மவர்களுக்கு.

அதே 2023-ல், அதே மில் வட்டாரத்தில், போனஸ் சம்பந்தமாகச் சங்கத்தின் கூட்டம் ஒன்று கூட்டினார்கள். இரவு 9.30-க்கு. ஆண்கள் வந்தார்கள், பெண்கள் ஏழு பேர். மறுநாள் நிர்வாகிகள் கோபமாகப் பேசினார்கள்: “போனஸைவிட சீரியல் பெரிதாகப் போய்விட்டதா?” அந்தக் கோபத்தில் நமக்கும் பங்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “சின்னத்திரை மயக்கம்” என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினோம். நல்ல வேளையாக, எழுதி முடிக்கும் முன் அந்தப் பெண்களிடமே போய்க் கேட்கலாம் என்று தோன்றிற்று.

டிபன் பாக்ஸ் அம்மாள்தான் பதில் சொன்னார். “உங்க கூட்டத்துக்கு நாலு தடவ வந்திருக்கேன் தம்பி. நீங்க பேசுவீங்க, நாங்க கேப்போம். கை தட்டச் சொன்னாத் தட்டுவோம். யாராச்சும் எங்களப் பாத்து, ‘அம்மா, நீ என்ன நெனைக்கிற’ன்னு கேட்டீகளா? நாடகம் பாத்துட்டுப் பேசினா எம் பேச்சுக்கு நாலு பேரு பதில் சொல்றாக. தப்புன்னா சண்டைக்கு வாராக. அங்க நான் ஆளு. உங்க கூட்டத்துல நான் தலை.”

தலை என்றால் எண்ணிக்கைக்குரிய தலை. மீட்டர் பெட்டிக்காரன் எண்ணுகிற மாதிரிதான் நாமும் எண்ணிக்கொண்டிருந்தோம் போலும்.

நிர்வாகி ஒருவர் சமாதானமாக, “சரிம்மா, இனிமேல் கூட்டத்தை ஏழு மணிக்கு வைத்துக்கொள்வோம், சீரியலுக்கு முன்னால் முடித்துவிடலாம்” என்றார்.

“ஏழு மணிக்கு வீட்டுல உலை வைக்கிறது யாரு?” என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். “நீங்களா, ஆதி குணசேகரனா?”

நிர்வாகிகள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி என்று முடிவாயிற்று. அன்று மதியச் சமையலை நால்வர் வீட்டிலும் அவர்களே செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் நிபந்தனை போட்டாள். மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். நாலாமவர், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.